எந்த மண்ணில் கால் ஊன்றுவது?

தம்பி!

சென்ற கிழமை மன்னார்குடிப் பக்கம் ஒரு பொதுக்கூட்டம். பேசி முடித்து, கழுத்தில் விழுந்த துண்டுகளைத் தோழர்களிடம் கொடுத்துவிட்டு, படிப்பகத்துத் திண்ணையில் சுக்குக் காப்பிக்காகக் காத்திருந்தேன். இளைஞன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். கையிலே சுருட்டிய தாள். பட்டா மாறுதலுக்கு மனுவோ, பழுதான சாலைக்கு விண்ணப்பமோ என்று எண்ணிக் கை நீட்டினேன். விரித்துப் பார்த்தால், கனடா நாட்டு வரைபடம்!

"அண்ணே, குடியேற அனுமதி வந்துடுச்சு. எந்த ஊர்ல போய் இறங்குறதுன்னு நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றான்.

நானா வழி சொல்வது? பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். பனியைப் படத்திலே மட்டும் பார்த்தவன். பாம்பன் பாலத்துக்கு அப்பால் கடல் கடந்ததில்லை. ஆனாலும் கடல் கடந்த தோழர்கள் உண்டு. அவர்கள் எழுதும் மடல்கள் உண்டு. நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்து, 'இப்போது இங்கே பகல்' என்று சொல்லிவிட்டுக் குரல் தழுதழுக்கும் நண்பர்கள் உண்டு. படிப்பகமும் புத்தகமும் இருக்கவே இருக்கின்றன. ஆகவே, "உட்கார், பேசுவோம்" என்றேன்.

அவனுக்கு அறிவுரை கூறாத ஆள் ஊரில் பாக்கியில்லை. 'டொராண்டோவைத் தவிர வேறு எங்கும் போகாதே, அங்கேதான் நம்ம ஆட்கள்' என்றாராம் மாமன். 'வான்கூவர்தான் அழகு' என்றானாம் நண்பன். அவன் வான்கூவரைக் கண்டது ஏதோ ஒரு படத்தின் பாடல் காட்சியில்! சோதிடரோ, 'கிழக்குத் திசை ஆகாது, மேற்கே போ' என்று கட்டங்களைக் கணித்துக் கட்டணமும் வாங்கியிருக்கிறார். உலகம் உருண்டை, தம்பி! மன்னார்குடியிலிருந்து மேற்கே போனாலும் கனடா வரும். கிழக்கே போனாலும் கனடா வரும். சோதிடர் பிழைத்தார்!

நகைப்பதற்காகச் சொல்லவில்லை. தாயின் நகையை அடகு வைத்து, அண்ணன் பங்கு நிலத்தின் மீது கடன் வாங்கி, 5 வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிற குடும்பம் அது. தவறான ஊரில் இறங்கினால், கொண்டுபோன பணம் ஆறே மாதத்தில் வாடகையிலே கரைந்துவிடும். கரைந்தபின் ஊர் மாறுவதற்கும் பணம் வேண்டும். அந்த நாட்டில் ஊர் மாறுவது திருவாரூரிலிருந்து தஞ்சைக்கு வண்டி பிடிக்கிற காரியமா? இந்தியாவைப்போல் மும்மடங்கு பரப்பு. குடிமக்களோ ஏறத்தாழ 4 கோடிப் பேர். கோடைக் காலத்தில், கிழக்கோரத்துச் செயின்ட் ஜான்ஸ் நகரிலே நண்பகல் 12 மணி அடிக்கும்போது, மேற்கோரத்து வான்கூவரில் காலை ஏழரைதான் ஆகியிருக்கும். ஒரே நாடு, ஒரே கொடி. ஆனால் நாலரை மணி நேர வேறுபாடு!

இன்னொன்றையும் நம்மவர் மறந்துவிடுகிறார்கள். கனடா கூட்டாட்சி நாடு. பெயருக்குக் கூட்டாட்சி அல்ல. பள்ளிக்கூடம், மருத்துவமனை, தொழில் உரிமம், வாடகைச் சட்டம் எல்லாம் மாகாணத்தின் கையில். டில்லியைப் பார்த்துக் கைகட்டி நிற்கும் நமக்கு அது காதில் தேனாகத்தான் பாயும்! ஆனால் குடியேறப் போகிறவனுக்கு அதன் பொருள் வேறு. 'கனடாவுக்குப் போகிறேன்' என்பது பாதி விடை. எந்த மாகாணத்துக்கு என்பதுதான் மீதிப் பாதி. ஒரு மாகாணத்திலே உன் கைத்தொழிலுக்கு உடனே உரிமம் கிடைக்கலாம். பக்கத்து மாகாணத்திலே அதற்கே இரண்டு ஆண்டு அலையவிடலாம்.

நம்மவர் எங்கே இருக்கிறார்களோ அங்கே போ என்ற மாமனின் சொல்லை நான் ஏளனம் செய்யமாட்டேன். அதன் பின்னே வரலாறு இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது.

1986 ஆகஸ்ட் திங்கள். நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனி சூழ்ந்த அட்லாண்டிக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகள். அவற்றிலே 155 ஈழத்தமிழர். 1983 கலவரத் தீயிலே வெந்து, ஜெர்மனி சென்று, அங்கிருந்து கப்பலேறி, நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். கஸ் டால்டன் என்ற மீனவத் தலைவர் தமது படகில் வந்து கண்டார். யார், எவர், என்ன நிறம், என்ன மொழி என்று கேட்கவில்லை, காப்பாற்றினார். அந்த ஊர் மக்கள் உணவும் உடையும் தந்தார்கள். அவ்வளவு அன்பு காட்டிய மண்ணிலேயே அவர்கள் தங்கிவிட்டார்களா? இல்லை. சில நாட்களில் மாண்ட்ரியாலுக்கும் டொராண்டோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நன்றி இல்லாமலா? அல்ல, தம்பி. அங்கே வேலை இருந்தது. தமிழில் 'சாப்பிட்டாயா' என்று கேட்க ஓர் ஆள் இருந்தார்.

டொராண்டோவில் (ஈழத்தவர் 'ரொறன்ரோ' என்று எழுதுவர், ஒலிக்கு நெருக்கம் எது என்பதை மொழிநூலார் முடிவு செய்யட்டும்) முதலில் வந்தவர்கள் நகர நடுவிலே செயின்ட் ஜேம்ஸ் டவுன் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். ஓர் அறையில் நால்வர் ஐவர். ஒருவன் வேலைக்குப் போனால் அந்தப் படுக்கையில் மற்றொருவன் உறங்குவான். உணவு விடுதியிலே தட்டுக் கழுவினார்கள், தொழிற்சாலையிலே இரவுப்பணி பார்த்தார்கள், தங்கைக்கும் தம்பிக்கும் பயணச்சீட்டு அனுப்பினார்கள். பின்பு கிழக்கே ஸ்கார்பரோ. வசதி பெருகியபின் மார்க்கம், ஏஜாக்ஸ், மேற்கே பிராம்டன். கடைத்தெருவிலே தமிழ்ப் பலகை. தமிழில் நோய் கேட்கும் மருத்துவர், தமிழில் வாதம் சொல்லும் வழக்கறிஞர், வார இறுதியிலே குழந்தைக்கு 'அம்மா, ஆடு, இலை' கற்பிக்கும் பள்ளி. 2011ல் ஸ்கார்பரோ–ரூஜ் ரிவர் தொகுதி மக்கள் ராதிகா சிற்சபைஈசனைக் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் தமிழர் அவர். 2016ல் அதே மன்றம் சனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஏற்றது. டொராண்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் டாலர் சேர்ந்தது. சிதறிக் கிடந்தால் நடந்திருக்குமா இவையெல்லாம்? கூடி வாழ்ந்ததால் வந்த வலிமை அது.

நம்மவர் மட்டுமல்ல, எல்லா இனத்தாரும் இப்படித்தான் செய்தார்கள். முதல் உலகப் போருக்கு முன்னால் உக்ரைனிய உழவர்கள் கனடாவின் மேற்குச் சமவெளிக்கு வந்தார்கள். 10 டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர்! விரும்பிய இடத்தைத் தேர்ந்துகொள் என்றது அரசு. அவர்கள் தேர்ந்தது எது தெரியுமா? வளமான திறந்த புல்வெளியை விட்டுவிட்டு, மரம் அடர்ந்த பகுதிக்குப் போனார்கள். காரணம், பிறந்த நாட்டிலே காடெல்லாம் பண்ணையாருடையது. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கவும் அவர் தயவு வேண்டும். ஆகவே மரம் உள்ள நிலமே செல்வம் என்று மனத்திலே பதிந்துவிட்டது. சிலர் கல்லும் சதுப்புமான நிலம் என்று தெரிந்தே, உறவினர் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்காக வாங்கினார்கள். பிறந்த மண்ணிலே எது இல்லாமல் வாடினானோ அதைத்தான் மனிதன் புது மண்ணிலே முதலில் தேடுகிறான். அவர்களைக் குறை சொல்ல நமக்கென்ன தகுதி? ஆனால் அந்தக் கல் நிலத்தில் ஏர் பிடித்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்.

அதனால்தான் அந்த இளைஞனிடம் கேட்டேன்: "நம்ம ஆட்கள் இருக்கிறார்கள், சரி. வேலை?"

ஸ்கார்பரோவிலே இருக்கும் என் நண்பர் ஒருவர் முதல் இரண்டு ஆண்டும் ஒரு வீட்டின் நிலவறையில் வாழ்ந்தவர். பேஸ்மென்ட் என்பார்கள். 'சன்னல் இருக்கிறது, ஆனால் அதில் தெரிவது வானமல்ல, வருவோர் போவோர் காலணி' என்று எழுதினார். இங்கே கணக்கெழுதும் அலுவலர். அங்கே ஆள்பிடித்துக் கொடுக்கும் ஒரு முகவர் மூலம் கிடங்கிலே பெட்டி தூக்கினார். பெட்டி தூக்குவது இழிவல்ல, உழைப்பில் இழிவேது? ஆனால் அந்த முகவர் வாங்கிய பங்கு போகக் கைக்கு வந்தது வாடகைக்குச் சரியாகப் போயிற்று. டொராண்டோவும் வான்கூவரும் அந்த நாட்டிலே வாடகை மிகுந்த நகரங்கள். அதிலும் ஒன்டாரியோவில் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட கட்டடம் என்றால், ஆண்டுதோறும் வாடகை உயர்வுக்கு அரசு விதிக்கும் வரம்பு அதற்குப் பொருந்தாது. பளபளக்கும் புதுக் கட்டடம் என்று மயங்கிப் போகிறவன் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். முன்பின் பார்க்காத வீட்டுக்கு இங்கிருந்தபடியே முன்பணம் அனுப்புகிறவனோ, வீட்டையும் காணான், பணத்தையும் காணான்.

சாதிச் சங்கதி ஒன்றும் அதே நண்பர் எழுதினார். 'நம்ம ஆட்கள்' என்ற சொல்லுக்குள்ளே சிலர் பயணப் பெட்டியில் மறைத்துச் சாதியையும் கொண்டு வந்துவிடுகிறார்களாம்! பனி கொட்டினாலும் அந்த விதை பட்டுப்போகவில்லை என்று வருந்தியிருந்தார். 2023ல் டொராண்டோ பள்ளி வாரியம் இதைப் பேச வேண்டி வந்தது. அதே ஆண்டு ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம், சாதி வேறுபாடு காட்டுவது மாகாணச் சட்டப்படி குற்றம் சாட்டத்தக்கதே என்று தெளிவுபடுத்தியது. பல்லாயிரம் கல்லுக்கு அப்பால் போயும் ஓர் ஆணையம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே, வெட்கக்கேடு!

கியூபெக் மாகாணத்தைப் பற்றியும் கேட்டான். அந்த மாகாணத்தை நினைத்தால் எனக்கு ஒரு தனி மரியாதை. ஆங்கிலம் அலையடிக்கும் ஒரு கண்டத்தில், தன் பிரெஞ்சு மொழியைக் காக்க 1977ல் சட்டம் இயற்றிய மாகாணம் அது. வந்து குடியேறுவோர் பிள்ளைகள் பொதுப்பள்ளியில் பிரெஞ்சு வழியிலேதான் படிக்க வேண்டும். மொழிக்காகச் சிறை புகுந்தோர் வழிவந்த நாம் முகம் சுளிக்கலாமா? மாண்ட்ரியாலில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் பேசுகிறார்கள் என்று கேட்கும்போது மகிழ்ச்சிதான். ஆனால் மரியாதை வேறு, வசதி வேறு. கியூபெக் தன் குடியேறிகளைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. இவர்கள் பெற்றதோ, 2015ல் தொடங்கிய 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' புள்ளிமுறை வழியே, கியூபெக்குக்கு வெளியே வாழப்போவதாகச் சொல்லிப் பெற்ற அனுமதி. பேச்சு அங்கே முடிந்தது.

மேற்கே மானிடோபா உண்டு. 1998லிருந்தே தனக்கு வேண்டியவர்களைத் தானே பரிந்துரைத்து அழைத்துவரும் மாகாணம்; வின்னிபெக்கில் வாடகை டொராண்டோவைவிடக் குறைவு. ஆனால் சனவரி இரவிலே குளிர் சுழிக்குக் கீழே 20 பாகைக்கும் அப்பால் இறங்கும். காரை நிறுத்தினால் எந்திரம் உறைந்துபோகாதிருக்க மின்கம்பி செருகி வைப்பார்கள்! ஆல்பர்ட்டாவிலே மாகாண விற்பனை வரி இல்லை. பொருளுக்கு 5 விழுக்காட்டு நடுவண் வரி மட்டும். ஒன்டாரியோவிலே இரண்டும் சேர்த்து 13. இப்படி ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுக்குக் காப்பி இருமுறை வந்து ஆறிப்போயிற்று. அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"விண்ணப்பம் யார் பேரில்?"

"அவ பேர்லதான் அண்ணே. அவ நர்சு. அவ படிப்புக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும்தான் புள்ளி விழுந்துச்சு. நான் கூடப் போறவன். எலக்ட்ரீசியன்."

"அவர் எந்த ஊர் என்கிறார்?"

இளைஞன் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினான். பிறகு மெல்லச் சொன்னான்: "கேக்கலைண்ணே."

பார்த்தாயா தம்பி! மாமனைக் கேட்டாயிற்று. நண்பனைக் கேட்டாயிற்று. சோதிடரைக் கேட்டுப் பணமும் கொடுத்தாயிற்று. பொதுக்கூட்டத்துக்கு வந்த பேச்சாளனைக்கூடக் கேட்டாயிற்று. யாருடைய படிப்பால் கதவு திறந்ததோ, யாருடைய சம்பளத்தில் முதல் வாடகை கட்டப்படுமோ, அவரைக் கேட்கவில்லை! நானும் ஒரு மணி நேரம் வாய் வலிக்கப் பேசிவிட்டுத்தானே அந்தக் கேள்விக்கு வந்தேன்? பெண்ணுரிமை என்று மேடையிலே முழங்கி இறங்கிய சூடு ஆறவில்லை எனக்கு. அவனைக் கடிந்துகொள்ள வாய் வரவில்லை.

மறுநாள் காலை நான் வண்டியேறுமுன் இருவரும் வந்தார்கள். அந்தத் தங்கையின் கையில் வரைபடம் இல்லை. குழந்தையின் பழைய பள்ளி நோட்டு ஒன்று இருந்தது. பின்பக்கங்களில் மாகாண வாரியாக எழுதி வைத்திருந்தார். செவிலியர் உரிமத்துக்கு யாரிடம் விண்ணப்பிப்பது, கட்டணம் எவ்வளவு, எத்தனை தாள்கள், எத்தனை மாதம். ஓராண்டாக எழுதி வருகிறாராம்! "யாரும் கேக்கலண்ணா, அதனால சொல்லல" என்றார். இப்படியும் நான்கு சுவருக்குள்ளே எத்தனை நோட்டுப் புத்தகங்கள் மூடிக் கிடக்கின்றனவோ!

நோட்டில் அவர் வட்டமிட்டிருந்த பெயர் டொராண்டோ அல்ல, வான்கூவரும் அல்ல. ஆலிபாக்ஸ். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகர். 2023ல் அந்த மாகாணத்துச் செவிலியர் மன்றம், இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளில் பதிவுபெற்ற செவிலியர்களுக்கு வழியைச் சுருக்கிவிட்டது. பழைய நீண்ட மதிப்பீட்டுச் சுற்று இல்லை. 'என்கிளெக்ஸ்' எனும் தேர்வில் தேறினால் போதும் என்ற அளவுக்கு எளிதாக்கினார்கள். அந்தத் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். "ஒன்டாரியோவும் இப்ப கொஞ்சம் தளர்த்தியிருக்காங்க. ஆனா அங்க காத்திருக்கிற மாசத்துக்கெல்லாம் வாடகை யார் குடுப்பாங்க?" என்று கேட்டார். நான் முந்தின இரவு பேசியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

குறைகளையும் அவரே சொன்னார். ஆலிபாக்சிலும் வாடகை அண்மை ஆண்டுகளில் ஏறிவிட்டது. ஆனால் இருக்கும் குடித்தனக்காரனுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற வரம்பு 2027 இறுதி வரை உண்டு. முன்பணமும் அரை மாத வாடகைக்குமேல் கேட்கக்கூடாது. குடும்ப மருத்துவர் கிடைப்பது அரிது. காத்திருப்போர் பட்டியல் ஒன்றை மாகாணமே வைத்திருக்கிறது. தமிழ்க் கடை டொராண்டோவைப்போல் தெருவுக்குத் தெரு இராது. கணவருக்கு மின்பணி உரிமம் பெறத் தனித் தேர்வு எழுத வேண்டும். எழுதி 'சிவப்பு முத்திரை' பெற்றுவிட்டால் அது எல்லா மாகாணத்திலும் செல்லும். பிறகு பிடிக்கவில்லையென்றால் ஊர் மாறலாம். நிரந்தரக் குடியுரிமை பெற்றவர் எந்த மாகாணத்துக்கும் போய் வாழ்ந்து உழைக்கலாம் என்று 1982 உரிமைப் பட்டயமே சொல்கிறது. (ஒரு மாகாணம் பரிந்துரைத்து அழைத்தவர் மட்டும், 'இங்கேயே வாழ்வேன்' என்று பொய்யாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்த நாளே வேறு இடம் ஓடினால், அது வேறு வழக்கு. இவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.)

ஆலிபாக்ஸ் என்றதும் எனக்கு ஒன்று நினைவு வந்தது. அங்கே 'பியர் 21' என்றொரு துறைமுகக் கட்டடம் உண்டு. 1928 முதல் 1971 வரை கப்பலில் வந்த ஏறத்தாழ 10 இலட்சம் பேர் கனடாவில் கால் வைத்த வாயில் அது. இன்று குடியேற்ற அருங்காட்சியகம். பெரும்பாலோர் அந்த வாயிலில் இறங்கி அன்றே இரயில் ஏறி மேற்கே போய்விட்டவர்கள். சொன்னேன். அந்தத் தங்கை நோட்டின் ஓரத்தில் அதையும் குறித்துக்கொண்டார்.

இளைஞன் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "அங்க பேசுறதுக்கு ஆளே இல்லாமப் போயிடுமேண்ணே" என்றான். அவன் பயம் பொய்யல்ல. அந்தத் தங்கைக்கும் அது இல்லாமல் இல்லை. நோட்டைப் புரட்டிய விரல் நின்றது. "ரெண்டு வருசம். பாப்பா ரெண்டாங் கிளாஸ் முடிக்கிற வரைக்கும். அப்புறம் ரெண்டு பேருக்கும் லைசன்ஸ் இருக்கும். அப்ப உங்க மாமா சொல்ற ஊருக்குப் போவோமான்னு உக்காந்து பேசுவோம்" என்றார். அவன் தலையாட்டினான். முழு மனத்தோடு ஆட்டினானா என்பது எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் அவன் தாயார் வந்துவிட்டார். அவருக்கு ஆலிபாக்சும் ஒன்றுதான், ஆல்பர்ட்டாவும் ஒன்றுதான். மாவரைக்கும் கிரைண்டரைக் கட்டிக் கொடுத்துவிடலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த நாட்டு மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230, இந்தக் கிரைண்டர் அங்கே சுற்றாது என்று மகன் விளக்கினான். அதுவரை அந்தத் திண்ணையில் அவன் தயக்கமில்லாமல் பேசிய பேச்சு அதுதான். தாயார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சின்ன அம்மியும் குழவியும் எடுத்துட்டுப் போ. அதுக்கு வோல்ட்டு வேண்டாம்" என்றார். விமானத்தில் ஆளுக்கு எத்தனை கிலோ என்று மூவரும் கணக்குப் போடத் தொடங்கியபோது என் வண்டி வந்துவிட்டது.